முற்றத்தைக் கடந்த கெண்டிகள்

மூரியல் டாம்ஸ் டீ போடுவது பால் காய்ச்சும் பாத்திரத்தில். லாங்டன் ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஊரில் பாதிப்பேர் பீங்கான் டீக்கெண்டியும் கோப்பையும் செய்து வயிறு வளர்த்தவர்கள். கல்யாணமா, கெண்டி. வேலையிலிருந்து ஓய்வா, கெண்டி. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பீங்கான் ஆலையிலேயே காலம் தள்ளிய ஒருத்தி அலுமினியப் பாத்திரத்தில் தேயிலையைக் கொதிக்கவிட்டு வடிகட்டிக் குடிக்கிறாள் என்றால், புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். பேதலிக்கவில்லை. கெண்டியைக் கண்டாலே அவளுக்குக் குமட்டுகிறது. எனக்கும் கொஞ்சம் குமட்டுகிறது, நடந்தது தெரிந்ததால்.

மாஸ்கிராப் பீங்கான் ஆலையில் அவள் அடக்கவிலைக் கணக்கு எழுதுகிறவள். பதினாறு வயதில் சேர்ந்தாள். நான் சொல்லப் போகும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷத்தில் அவளுக்கு நாற்பத்து மூன்று. கல்யாணம் இல்லை, கடன் இல்லை, ஞாயிறு தவறாமல் சர்ச். பென்சிலில் ஒருமுறை எழுதிச் சரிபார்த்த பிறகுதான் மையில் எழுதுவாள். அவளுடைய மேசை நுழைவாயிலுக்கு மேலே மாடி அறையில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே முற்றம். முற்றத்தின் இடப்பக்கம் பட்டறையும் சூளையும், வலப்பக்கம் கிடங்கு.

பட்டறை ஆட்கள் ஆறடிப் பலகையில் சாமானை அடுக்கி, பலகையைத் தோளில் ஏற்றி, மழையோ பனியோ முற்றத்தைக் கடந்து வருவார்கள். நாற்பது தப்படி தூரம். கிடங்கு வாசலில் பலகைக்கு ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போடுவார்கள். அந்தக் கோடு விழுந்ததும் பட்டறைக்கு லாபம் பிறந்துவிடும். யாரும் வாங்கவில்லை, ஒரு பென்னி உள்ளே வரவில்லை, ஆனாலும் லாபம்.

இந்தக் கூத்தை மூரியல் தன் தங்கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கினாள். தங்கை நெஸ்டா கிடங்கில் தலைமைக்காரி. அவளையும் சேர்த்து அங்கே பதினொரு பெண்கள். வந்த சாமானை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கொண்டே கீறல் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். பிறகு வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்புவார்கள். நெஸ்டாவின் புருஷன் வில்ஃப் முன்பு பட்டறையில் இருந்தவன். களிமண் தூசி நெஞ்சில் இறங்கி ஐந்து வருஷமாக நாற்காலியோடு கிடக்கிறான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது நெஸ்டாவின் சம்பளத்தில்.

நெஸ்டா கல்லில் ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள். "ஏன்க்கா, கிடங்கு நஷ்டம் கிடங்கு நஷ்டம்னு அந்தப் பட்டறை மேனேஜர் புளூர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறானே. நாங்க என்ன சாமானைத் தின்னுட்டா போனோம்?"

"இந்த ரொட்டி சுட உனக்கு எவ்வளவு ஆச்சு?"

"அஞ்சு பென்னின்னு வச்சுக்கயேன்."

"முன்ரூம்ல இருக்கிற வில்ஃபுக்கு அதை ஆறு பென்னிக்கு வித்ததா எழுதிக்க. அடுப்படிக்கு ஒரு பென்னி லாபம்."

"அந்த மனுஷன்கிட்ட ஏது காசு?"

"காசு வேணாம். வாசப்படி தாண்டினாப் போதும், எழுதிக்கலாம். சரி, அவன் திங்கல. ஆறிப்போச்சு. என்ன செய்வ?"

"நாய்க்குப் போடுவேன்."

"அடுப்படிக்கு அப்பவும் ஒரு பென்னி லாபம். முன்ரூமுக்கு ஆறு பென்னி நஷ்டம்."

முன்னறையிலிருந்து வில்ஃப் இருமலுக்கு நடுவே குரல் கொடுத்தான். "இருக்கிற நோவு பத்தாதுன்னு நஷ்டமும் என் தலையிலயா?"

நெஸ்டா சிரித்தாள். "இந்தக் கண்றாவியைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருக்கா?"

கண்டுபிடித்தவர் பெரிய மாஸ்கிராப். அவர் செய்தது கண்றாவி அல்ல. வெளியே இன்னொரு ஆலையில் வாங்கினால் ஒரு கோப்பை என்ன விலை, நம் பட்டறை அந்த விலைக்குள் செய்து கொடுக்கிறதா என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். அதனால் அடக்க விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, பட்டறை கிடங்குக்கு விற்பதாக எழுதச் சொன்னார். முதல் பக்கம் பட்டறைக்கு, உற்பத்தி லாபம். இரண்டாம் பக்கம் கிடங்குக்கு, விற்ற லாபநஷ்டம். இரண்டாம் பக்கத்தின் அடியில் மூரியல் ஒரு வரி எழுதுவாள்: விற்காமல் கிடக்கும் சரக்கில் ஒட்டியிருக்கும் பட்டறை லாபம், கழிக்க. வலக்கை இடக்கைக்கு விற்றதில் வந்த லாபம் லாபமே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் வரி அது. பெரியவர் கணக்கைக் கடைசியிலிருந்து படிப்பார். விரலை அந்த வரியில் வைத்து, "இது எவ்வளவும்மா?" என்பார். பிறகுதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பார். அவர் இருந்தவரை அந்த வரி நூறு பவுனைத் தாண்டியதில்லை.

அவர் போனார். மகன் ஜெர்வேஸ் வந்தான். வெளியூர் விடுதிப் பள்ளியில் படித்தவன், உழைத்த கையைக் குலுக்கிவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறவன். கணக்கில் முதல் பக்கம் மட்டும் படிப்பான். அதில் உற்பத்தி லாபம் என்று ஓர் எண் இருந்தது, அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த எண்ணில் நூற்றுக்கு ஐந்து பட்டறை மேலாளருக்கு ஊக்கத்தொகை என்று அறிவித்துவிட்டான். பட்டறை மேலாளர் கிளைவ் புளூர். ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் கொடுத்து எடை போட்டு வா என்று அனுப்பிய கதைதான்.

புளூர் மோசமானவனே தவிர முட்டாள் இல்லை. ஒரு கோப்பை முற்றத்தைக் கடந்தால் நாலு பென்னி லாபம். ஒரு கெண்டி கடந்தால் நாற்பது பென்னி. ஆறு கோப்பைக்கு ஒரு கெண்டி என்றுதான் உலகம் வாங்குகிறது. அது கிடங்கின் கவலை, புளூரின் கவலை இல்லை. கெண்டி செய்யச் சொன்னான். மறுபடியும் கெண்டி. கோப்பை கேட்டு வந்த கடைக்காரர்கள் காத்திருந்து சலித்து வேறு ஆலைக்குப் போனார்கள். கிடங்கில் அலமாரி நிரம்பி, தரை நிரம்பி, மாடிப்படி நிரம்பி, பெண்கள் பக்கவாட்டில் நடக்க வேண்டியதாயிற்று. கழிப்பறைக்குப் போகும் வழியில்கூடக் கெண்டி. ஒவ்வொன்றும் மூக்கை நீட்டிக்கொண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். புளூருக்கு அது கறியும் சோறும் ஆயிற்று. போன தடவை ஊக்கத்தொகையில் புதுக் கார் வாங்கினான்.

வசந்த காலத்தில் ஜெர்வேஸ் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிறுத்தி வைத்துப் பேசினான். லண்டன் வியாபாரி ஒருவர் சாமானை நேரே எடுத்துக்கொண்டு தானே தட்டிப் பார்த்துக் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறாராம். இந்த அரையாண்டில் கிடங்கின் நஷ்டம் ஐயாயிரம் பவுனைத் தாண்டினால் கிடங்கை மூடிவிடுவானாம். சொல்லிவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அன்றிலிருந்து நெஸ்டா ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான் கேட்டாள். "அக்கா, எவ்வளவு ஆச்சு?"

"மூவாயிரம்கிட்ட."

"தாண்டாதே?"

"தாண்டாது."

ஜூன் கடைசியில் வேக்ஸ் வந்தது. இரண்டு வாரம் பீங்கான் ஊர்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் விடுமுறை அது. அதற்கு முந்தின நாளோடு அரையாண்டுக் கணக்கும் முடியும். மாஸ்கிராப்பில் ஒரு வழக்கம், வேக்ஸுக்குப் போகும்போது பட்டறையில் ஒரு பலகைகூட நிறைந்திருக்கக் கூடாது. இருந்தால் திரும்பி வருவதற்குள் ஒருவர் சாவார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பட்டறையைக் கூட்டி, கழுவி, மூடிவிட்டுத்தான் பிளாக்பூல் கடற்கரைக்குப் பஸ் ஏறுவார்கள். நல்ல வழக்கம். புளூர் கையில் அது என்ன ஆயிற்று என்பதை மூரியல் ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

மதியம் இரண்டு மணியிலிருந்து பலகைகள் முற்றத்தைக் கடந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கெண்டிகள். புளூர் நடுவில் நின்று கைதட்டி விரட்டினான். "ம், ம், கடலு காத்துக்கிட்டிருக்கு, நடங்கப்பா." மூரியல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பேனாவை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கிடங்கு வாசலில் நெஸ்டா ஒரு கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பாத்தியா அக்கா. மூடி இல்ல."

"எத்தனை?"

"மொத்தம் ஆயிரத்து நூறு. மூடியெல்லாம் இன்னும் பச்சை மண்ணா அங்க கிடக்காம். வேக்ஸ் முடிஞ்சு வருமாம். கோடு மட்டும் இன்னைக்கே போடணுமாம்."

"நீ போட்டியா?"

"போடாம? வழக்கம் தெரியாதான்னு எல்லார் முன்னாடியும் கேக்கிறான். பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுங்க என்னைத்தான் திட்டுறாங்க."

மூரியல் சுண்ணக்கோடுகளை எண்ணி, ஜனவரியிலிருந்து வந்து தேங்கியதோடு கூட்டினாள். அந்த அரையாண்டில் மட்டும் விற்காமல் சேர்ந்த கெண்டி பதினெட்டாயிரம். அவற்றில் ஆயிரத்து நூறு தலையில்லாத முண்டங்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது பென்னி லாபம் என்று அவள் கையாலேயே எழுத வேண்டும்.

ஐந்து மணிக்கு புளூர் மாடிக்கு வந்தான். கையில் பன்றிக்கறி பொதிந்து சுட்ட பேஸ்ட்ரி. தின்றுகொண்டே வந்து, கேட்காமல் அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். பேரேட்டின் மேல் துணுக்குகள் உதிர்ந்தன. விரலை நக்கி, அந்த விரலாலேயே பக்கத்தைப் புரட்டினான்.

"என்ன கண்ணு, நமக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"உற்பத்தி லாபம் ஒன்பதாயிரத்து நானூறு."

"ஆக, எனக்கு நானூத்தி எழுபது. பிளாக்பூல்ல நண்டு திங்கலாம்." இன்னொரு வாய் கடித்தான். "அந்தக் கடைசி வரி இருக்கு பாரு, கழிக்கவோ என்னவோ. அதை இந்த வாட்டி விட்டுரு. டிசம்பர்ல சேத்துப் பாத்துக்கலாம். லீவும் அதுவுமா முதலாளியைக் குழப்பாத."

"மூடி இல்லாத கெண்டிக்கு நான் லாபம் எழுதணும், கழிக்கிறதை மட்டும் விடணுமா?"

"மூடி வருமே. கெண்டி எங்கயும் ஓடிப்போகாது."

"ஆமா. அதுதான் பிரச்சினை. எங்கயும் போகாது."

புளூர் எழுந்து, துணுக்குகளைத் தட்டினான். அவை அவள் மடியில் விழுந்தன. "உன் தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்புறம் உன் இஷ்டம்."

அது மிரட்டல் என்று மூரியல் நினைத்தாள். அவன் போனபிறகு மேசையைச் சலவைச் சோடா போட்டுக் கழுவினாள். அந்தப் பக்கத்தின் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை.

வேக்ஸில் ஊர் காலியாயிற்று. மூரியல் தனியே உட்கார்ந்து கணக்கை எழுதினாள். பட்டறை லாபம் ஒன்பதாயிரத்து நானூறு. கிடங்கு நஷ்டம் மூவாயிரத்து நூறு. கழிக்கும் வரியை எழுதாமல் விட்டால் ஐயாயிரத்துக்கு உள்ளேதான், நெஸ்டா தப்பித்துவிடுவாள். ஆனால் அடுத்த அரையாண்டில் இந்தக் குப்பை மலை சரிந்து கிடங்கின் மேல்தான் விழும். இந்த அசிங்கத்தை முதலாளி ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், புளூரின் கொட்டம் அடங்கும் என்று அவள் நம்பினாள். நேர்மையாக எழுதினால் நியாயம் நடக்கும் என்று நினைத்ததுதான் அவள் செய்த பைத்தியக்காரத்தனம். பதினெட்டாயிரத்தை நாற்பது பென்னியால் பெருக்கி, நூறு பென்னிக்கு ஒரு பவுனாக மாற்றினாள். ஏழாயிரத்து இருநூறு பவுன். இருபத்தேழு வருஷமாக எழுதிவந்த இடத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில், மையில் எழுதினாள். கழிக்க. நிறுவனத்துக்கு மொத்தத்தில் தொள்ளாயிரம் பவுன் நஷ்டம். அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டாள்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை ஜெர்வேஸிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்தாள். "சார், ரெண்டாம் பக்கத்துக் கடைசி வரியைப் பாருங்க."

அவன் முதல்முறையாகப் பார்த்தான். வெயிலில் கறுத்த முகம் சுருங்கியது. "ஏழாயிரமா? எதனால?"

"விக்காத கெண்டி சார். முற்றத்தைத் தாண்டினதுக்கே லாபம் எழுதுறோம். யாரும் வாங்கல. அதுல ஆயிரத்து நூறுக்கு மூடிகூட இல்ல."

"விக்கிறது யார் வேலை?"

மூரியல் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்.

"விக்கிறது கிடங்கு வேலைதானே, மிஸ் டாம்ஸ்? பட்டறை தன் வேலையைச் செஞ்சு ஒன்பதாயிரம் சம்பாதிச்சிருக்கு. கிடங்கு அதை விக்காம வச்சிருக்கு. இங்க மூவாயிரத்து நூறு. இங்க ஏழாயிரத்து இருநூறு. பத்தாயிரத்து முந்நூறு நஷ்டம்."

"இல்ல சார். அந்த ஏழாயிரம் பட்டறையோடது. பட்டறை லாபத்துல இருந்துதான் அதைக் கழிக்கணும்."

"அப்படின்னா அந்தப் பக்கத்துல எழுதியிருப்பீங்களே." அவன் விரல் அந்த வரியில் நின்றது, அவன் அப்பாவின் விரல் நின்ற அதே இடத்தில். "கிடங்கு பக்கத்துல இருக்கு. உங்க கையெழுத்துதானே?"

"வழக்கமா அங்கதான் எழுதுவோம் சார். பெரியவர் காலத்துல—"

"அப்பா காலத்துலயும் கிடங்கு கணக்குதான். நல்லவேளை, சரியா எழுதினீங்க. புளூர் இதை விட்டுரச் சொன்னாராமே. கிடங்குப் பொம்பளைங்களைப் பாத்தா பாவமா இருக்குன்னாரு. அவருக்கு இளகின மனசு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாற்பது தப்படி முற்றம், நடுவில் ஒரு சுண்ணக்கோடு, பாவம் முழுவதும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தூக்கி வந்து இறக்கியது அவள் கை. வரி சரியானது, தொகை சரியானது, வழக்கப்படி அது இருக்க வேண்டிய இடமும் அதுதான். யார் கேட்டாலும் அவள் எழுதியதில் ஒரு குற்றம் காட்ட முடியாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த அயோக்கியன் சொன்னபடி கேட்டிருந்தால் நெஸ்டாவுக்கு வேலை இருந்திருக்கும். படியிறங்கி, முற்றத்து மூலைக் குழாயடியில் போய் வாந்தி எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கிடங்குப் பெண்கள் பதினொரு பேருக்கும் வேலை போனதென்று கடிதம் வந்தது. கடிதத்தோடு நிர்வாகத்தின் அன்பளிப்பாக ஆளுக்கு ஒரு கெண்டி. புளூரின் யோசனை. மறுநாள் காலை மூரியல் மேசைக்கு ஒரு சீட்டு வந்தது: கெண்டி பதினொன்று, விலை இரண்டு பவுன் நாற்பது வீதம், இருபத்தாறு பவுன் நாற்பது, ஊழியர் நலச் செலவு, கிடங்குக் கணக்கில் வைக்கவும். அவள் அதை எழுதினாள். அந்தப் பதினொன்றும் இனி விற்காத சரக்கு அல்ல. அவற்றிலிருந்த நாலு பவுன் நாற்பது பென்னியை இனிமேல் கழிக்க வேண்டாம். கழித்த ஏழாயிரத்து இருநூறு பவுனில் ஏட்டின்படி நிஜ லாபமாகிவிட்டது அது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தங்கை வீட்டுக்குப் போனாள். வில்ஃப் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். மேசையில் அன்பளிப்புக் கெண்டி. மூடி இல்லை; மேலே ஒரு சாஸரைக் கவிழ்த்து வைத்திருந்தாள் நெஸ்டா. விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்றது.

"கீறல் இல்ல. நல்ல சாமான்தான்."

மூரியல் உட்காரவில்லை.

"பத்தாயிரத்து முந்நூறாம்க்கா நாங்க நஷ்டம் பண்ணினது. கடிதாசில போட்டிருக்கு. பதினோரு பேரும் ராத்திரி பகலா உடைச்சாலும் அவ்வளவு ஆகாது. நீ மூவாயிரம்னு சொன்ன. தாண்டாதுன்னு சொன்ன. மிச்சத்தை எவன் எழுதினான்?"

புளூர் பெயரைச் சொல்லியிருக்கலாம், நெஸ்டா நம்பியிருப்பாள். ஜெர்வேஸ் பெயரைச் சொன்னால் இன்னும் எளிதாக நம்பியிருப்பாள். இருவர் மேலும் குற்றம் இருந்தது.

"நான்தான் எழுதினேன்," என்றாள் மூரியல். "விக்காத கெண்டியில இருந்த பொய் லாபத்தைக் கழிச்சேன். உங்க பக்கத்துல கழிச்சேன்."

"எங்க பக்கத்துலயா?"

"அங்கதான் எழுதுறது வழக்கம்."

நெஸ்டா கெண்டியின் மேலிருந்த சாஸரை எடுத்தாள். ஆவி எழும்பியது. சுவரில் கொக்கியில் தொங்கிய கோப்பைகளில் வில்ஃபுக்கு ஒன்று எடுத்தாள், தனக்கு ஒன்று எடுத்தாள். மூன்றாவதை எடுக்கவில்லை.